வால்வுகளின் மாத்திரைக் கணக்கு

மாத்திரை என்னும் கால அளவு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. இயல்பாகக் கண்ணை இமைக்கும் பொழுதை, அல்லது கையை நொடிக்கும் பொழுதை அவ்வாறு அளந்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழலும் மகிழுந்து எஞ்சினில் வால்வு ஒவ்வொன்றும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. நாம் ஒருமுறை இமைப்பதற்குள் ஏறத்தாழப் பத்து முறை அது தன் கடமையை முடித்துவிடும். அந்தத் திறப்பையும் மூடலையும் வேகத்திற்கேற்ப மாற்றியமைக்கும் தொழில்நுட்பத்தையே இங்குக் காணவிருக்கிறோம்.

பாடியில் இருந்துகொண்டு பேசத் தக்க பொருள்தான் இது. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் அமைந்த பழம்பதி இவ்வூர். படை தங்கும் இடத்தைப் பாடி என்பது பழைய வழக்கு. (மெக்கானிக் நண்பர்களுக்கோ பாடி என்றால் வண்டியின் மேற்கூடு!) 1961இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இங்கு வேரூன்றி, வாகனங்களுக்கான மின்கருவிகளைச் செய்தது. அவற்றுள் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சினின் சுழற்சி மிகுந்தால் அதனுள் இருக்கும் சிறு எடைகள் வெளிநோக்கி விரியும். தீப்பொறி சற்று முன்னதாகவே பாயும். இவ்வாறு தீப்பொறிக்கு என்றோ கிடைத்துவிட்ட நேரச் சலுகை, வால்வுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை.

வால்வைத் திறப்பது கேம் தண்டின் முட்டை வடிவப் புடைப்பு. அதன் வடிவம் வார்த்த வார்ப்பு, மாறாது. ஆனால் காற்றின் நடத்தை மாறுகிறது. 800 சுற்றில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை உறிஞ்ச வினாடியில் ஆயிரத்தில் 37 பங்கு நேரம் உண்டு. 6000 சுற்றில் 5 பங்கே உண்டு. விரைந்து வரும் காற்றுக்கு உந்தம் மிகுதி. ஆகவே உயர்வேகத்தில் பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் வால்வைச் சற்றுத் திறந்தே வைத்தால் காற்று மேலும் உட்புகும். தாழ்வேகத்திலோ, உட்புகுந்த காற்றே வந்த வழியில் திரும்பிவிடும். ஒன்றுக்கு நன்மையாவது மற்றொன்றுக்குக் கேடு.

இரண்டாம் உலகப்போர்க்கால ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் இச்சிக்கலுக்கு ஒரே வழிதான் இருந்தது. உயர்வேகத்தை மட்டும் கருதிப் பந்தயக் கேம் தண்டைப் பொருத்துவர். அத்தகைய எஞ்சின் நின்ற இடத்தில் திணறித் திணறிக் குலுங்கும். 1980இல் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, கேம் தண்டையே சற்று முன்னும் பின்னும் திருப்பும் அமைப்பை விற்பனை வண்டியில் தந்தது. 1989இல் ஜப்பானின் ஹோண்டா, இன்டெக்ரா வண்டியில் வீடெக் என்னும் முறையைக் கொணர்ந்தது. தாழ்வேகத்திற்கு ஒரு புடைப்பு, உயர்வேகத்திற்கு வேறொரு புடைப்பு. ஆயில் அழுத்தத்தால் நகரும் ஊசி ஒன்று இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். 1.6 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது.

இனி, சரிசெய்யும் முறை. இது காதால் கேட்டுச் செய்யும் வேலையன்று. வண்டியை டைனமோமீட்டர் உருளைகளின்மேல் ஏற்றிக் கட்ட வேண்டும். வேகத்தை ஓரிடத்தில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து, கேம் தண்டின் கோணத்தை ஐந்தைந்து பாகையாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் முறுக்குவிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோணம் மாறினால் உட்செல்லும் காற்றும் மாறும். எனவே பெட்ரோலின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் உடன் திருத்த வேண்டும். இதனை மறந்தால் எஞ்சின் 'நாக்' அடிக்கும். பிஸ்டன் உருகவும் கூடும். பொதுவாகக் கிடைக்கும் விடை வியப்பானது. நின்றபடி ஓடும்போது உள்வாங்கும் வால்வு பிந்தித் திறக்க வேண்டும். நடுவேகத்தில் முந்த வேண்டும். உச்சவேகத்தில் மறுபடியும் பிந்த வேண்டும்.

இரு புடைப்புகள் உள்ள எஞ்சினில், எவ்வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்பது கேள்வி. ஒன்றை மட்டும் கொண்டு ஒருமுறையும் மற்றதைக் கொண்டு மறுமுறையும் ஓட்டி, இரண்டு விசைக்கோடுகளையும் ஒரே தாளில் வரைய வேண்டும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே மாறும் இடம். இளைஞர் பலர், முதுகை இருக்கையில் அழுத்தும் அந்த 'உதை'யை விரும்பி மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்கின்றனர். அதற்கு முந்தைய சில நூறு சுற்றுகளில் விசையை இழந்ததனால்தான் உதை தோன்றுகிறது என்பதை அவர்கள் அறியார். செம்மையாக அமைந்த எஞ்சினில் மாற்றம் ஒலியில் கேட்கும், உடலில் தெரியாது.

இவ்வேலைக்கு இடம் 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்றதே. சாலை வண்டியை உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

கணினி வரைபடத்தில் கை வைக்குமுன் ஆயிலைப் பார்ப்பது நல்லது. கேம் தண்டைத் திருப்பும் கை அதுவே. எங்கள் தெரு இளைஞர் ஒருவர் வரைபடத்தை இருமுறை மாற்றியும் வண்டியின் குலுக்கல் ஓயவில்லை. ஆயில் செல்லும் வழியிலிருந்த நகத்தளவுச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தபோது, கரிய சேறு அடைத்திருந்தது. துடைத்துப் புது ஆயில் ஊற்றியதும் எஞ்சின் அமைதியாயிற்று. அதற்குள் அவர் செலவழித்திருந்தது தம் தங்கையின் ஒரு பருவக் கல்லூரிக் கட்டணம்.