ஆர் மொழியில் கூட்டல் தப்பா வருதா? முதலில் இதைப் பாருங்க!

அரசின் திறந்த தரவுத் தளத்தில் மழை அளவு போன்ற விவரங்களை யாரும் பதிவிறக்கலாம். அவற்றைக் கணக்கிட உதவும் இலவசப் புள்ளியியல் மொழி 'ஆர்'. ஆனால், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமலேயே அதில் தப்பான விடை வரலாம்.

உதாரணமாக, ஒரு நெடுவரிசையில் 120, 45, 'பதிவில்லை', 300 என்று இருக்குன்னு வைங்க. அந்த ஒரு சொல்லால் முழு நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். 2020-ல் வந்த 4.0.0-க்கு முந்தைய பதிப்புகள் அதை 'ஃபேக்டர்' எனும் வகைப்பட்டியலாக மாற்றிவிடும். பட்டியல் எழுத்து வரிசையில் அமையும்: 120, 300, 45, பதிவில்லை. இதை நேரடியாக எண்ணாக்கினால் மழை அளவு வராது. பட்டியலில் உள்ள இடம்தான் வரும்: 1, 3, 4, 2. கூட்டினால் 465-க்குப் பதில் 10!

என்ன செய்யணும்?

• கோப்பைத் திறந்ததும் 'எஸ்டிஆர்' கட்டளை கொடுத்து நெடுவரிசையின் வகையைப் பாருங்க.
• 'ஃபேக்டர்' என்றால் முதலில் 'ஆஸ்.கேரக்டர்', அப்புறம் 'ஆஸ்.நியூமெரிக்' கொடுங்க.
• 'பதிவில்லை' இப்போது 'என்ஏ' ஆகும். எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், கூட்டும்போது 'என்ஏ.ஆர்எம்' என்பதை 'ட்ரூ' என வைங்க.

கடைசியாக, நாலு வரியை போன் கால்குலேட்டரில் கூட்டிச் சரிபாருங்க. அப்புறம் வாட்ஸ்அப்பில் பகிருங்க.