சும்மா இருக்கும் வால்வுகள்: பிரிட்டன் வீட்டு வெந்நீர் சிலிண்டரைப் பராமரிப்பது

பிரிட்டனில் சமீப காலத்தில் கட்டிய வீடுகள் பலவற்றில், ஓர் அலமாரிக்குள் ஆளுயரத்துக்கு வெள்ளை உருளை ஒன்று நிற்கும். நம்ம ஊர் கேஸ் சிலிண்டர் இல்லை. 150, 200, 250 லிட்டர் என்று வெந்நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி. பெயர் ‘அன்வென்டெட் சிலிண்டர்’, அதாவது ஆவி வெளியேறத் திறந்த குழாய் இல்லாதது. அலமாரி கதகதப்பாக இருப்பதால் பலர் அதைத் துண்டு காயவைக்கத்தான் திறக்கிறார்கள். உள்ளே நிற்பது உண்மையில் ஒரு பிரஷர் பாத்திரம்.

பழைய முறை வேறு. கூரைக்கடியில் ஒரு குளிர்நீர்த் தொட்டி, கீழே ஒரு செம்பு சிலிண்டர். சிலிண்டரின் உச்சியிலிருந்து ஒரு குழாய் மேலே போய், தொட்டிக்கு மேல் வாய் திறந்தபடி நிற்கும். நீர் சூடாகி விரிந்தால் அந்த வழியில் மேலேறும். கொதித்தால் ஆவி அதன் வழியே போய்விடும். பழுதாக அதில் எதுவும் இல்லை. ஆனால் தொட்டியின் உயரம்தான் பிரஷர். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்பது கணக்கு. மாடி ஷவருக்கு மேலே ஒரு மீட்டர்தான் இருக்கிறது என்றால் தண்ணீர் எப்படி வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1985-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் புதிய முறைக்கு வழி திறந்தன. தெருக்குழாய் நீர் நேராகச் சிலிண்டருக்குள் வரும். ஷவர் பிய்த்துக்கொண்டு கொட்டும். கூரைத் தொட்டி தேவையில்லை. பதிலுக்கு, அந்தத் திறந்த குழாய் போய்விட்டது. அது சும்மா நின்றே செய்த வேலையை இப்போது நாலைந்து வால்வுகள் செய்ய வேண்டும்.

இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு, விரிவு. 10 டிகிரி நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 1.7 சதவீதம் விரிகிறது. 200 லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர். நீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் அந்த மூன்றரை லிட்டருக்கு எங்காவது இடம் கொடுத்தே ஆகணும்.

இரண்டாவது கணக்கு, கொதிநிலை. 3 பார் பிரஷரில் அடைபட்ட நீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 143 டிகிரி வரை நீராகவே இருக்கும். அந்த நிலையில் சிலிண்டர் பிளந்தால் பிரஷர் சட்டென்று விழும், நீரில் ஏறத்தாழ 8 சதவீதம் அந்தக் கணமே ஆவியாகும். 200 லிட்டரில் 16 கிலோ. ஒரு கிலோ ஆவிக்குச் சுமார் 1,670 லிட்டர் இடம் வேண்டும். மொத்தம் 25,000 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு சிறிய படுக்கையறையின் கொள்ளளவு, கண்ணிமைக்கும் நேரத்தில்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1982 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், ஸ்பென்சர் ஊரின் ஸ்டார் தொடக்கப்பள்ளியில் வெந்நீர்த் தொட்டி ஒன்று வெடித்தது. மதிய உணவு நேரம். ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள்.

மூன்று காவல்கள்

அதனால்தான் பிரிட்டன் விதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று காவல்களை வைக்கச் சொல்கின்றன. முதலாவது தெர்மோஸ்டாட். வழக்கமாக 60 டிகிரியில் சூடாக்குவதை நிறுத்தும். அது பழுதானால் இரண்டாவது, தெர்மல் கட்-அவுட். 80-85 டிகிரி வாக்கில் மின்சாரத்தையோ பாய்லர் இணைப்பையோ துண்டிக்கும். யாராவது வந்து பொத்தானை அழுத்தினால்தான் திரும்ப வேலை செய்யும். அதுவும் கைவிட்டால் மூன்றாவது, வெப்பம், பிரஷர் இரண்டுக்கும் திறக்கும் டி அண்ட் பி வால்வு. 90 டிகிரி வாக்கில் திறந்து சுடுநீரை வெளியேற்றும். குறிக்கோள் ஒன்றே: நீர் 100 டிகிரியைத் தொடக்கூடாது.

பிரஷர் பக்கம் தனிக் குழு. நுழைவாயிலில் பிரஷரைச் சுமார் 3 பாருக்குக் குறைக்கும் வால்வு. விரியும் நீருக்கு இடம்கொடுக்க, உள்ளே ரப்பர் திரையும் அதன் பின்னால் காற்றும் உள்ள விரிவுக் கலன். அதுவும் போதாவிட்டால் பெரும்பாலும் 6 பாரில் திறக்கும் இன்னொரு வால்வு. இரண்டு வால்வுகளின் கழிவுநீரும் ‘டன்டிஷ்’ என்ற சிறிய திறந்த புனலில் விழுந்து வெளியே போகும்.

இதில் தெர்மோஸ்டாட், பிரஷர் குறைக்கும் வால்வு, விரிவுக் கலன் மூன்றும் தினமும் உழைப்பவை. பழுதானால் நமக்குத் தெரிந்துவிடும். கட்-அவுட்டும் வெளியேற்றும் வால்வுகளும் அப்படி இல்லை. வருஷக்கணக்கில் சும்மா இருப்பதுதான் அவற்றின் வேலை. செத்துப்போன வால்வும் நல்ல வால்வும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி. எங்கள் மென்பொருள் தொழிலில், திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்றே எண்ணாதே என்பார்கள். இங்கேயும் அதே கதைதான். சிலிண்டர் பராமரிப்பு என்பது சும்மா இருப்பவற்றை வருஷத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது.

வருடாந்தர சோதனையில் என்ன நடக்கணும்?

அங்கே இந்த வேலைக்கு ‘ஜி3’ தகுதி பெற்ற ஆள் வரவேண்டும். கட்டட விதிகளில் இதற்கான பிரிவின் பெயர் அது. வருபவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது நம் வேலை.

இரண்டு வெளியேற்றும் வால்வுகளின் குமிழையும் திருகி, சில விநாடி நீர் ஓடுகிறதா, விட்டதும் சொட்டில்லாமல் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். டன்டிஷ் நிரம்பி வழியாமல் நீர் போகிறதா என்றும் கவனிக்க வேண்டும். நுழைவாயில் வால்வில் உள்ள வலைச் சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

விரிவுக் கலனின் காற்றை கார் டயர் கேஜ் போன்ற ஒன்றால் அளப்பார்கள். அதற்கு முன் நீரை அடைத்து, குழாயைத் திறந்து பிரஷரை இறக்கியாகணும். இறக்காமல் அளந்தால் கேஜ் காட்டுவது நீரின் பிரஷரைத்தான். காற்றே இல்லாத கலன்கூட நல்ல எண் காட்டும். காற்று ஏற்றும் முனையை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது. கலனை மாற்ற வேண்டியதுதான். சில மாடல்களில் தனிக் கலன் கிடையாது, சிலிண்டர் உச்சியில் காற்று அடைபட்டிருக்கும். அது மெல்ல மெல்ல நீரில் கரைந்துவிடும். கையேட்டில் சொன்ன முறைப்படி நீரை இறக்கி அதைப் புதுப்பிக்கணும்.

டன்டிஷைப் படிப்பது

மீதி நாட்களில் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது அந்தப் புனல் ஒன்றைத்தான். வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பது நம் கண்ணுக்குத் தெரியத்தான்.

நீர் சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால், விரிவுக்கான காற்று போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். ஆறிய பிறகும், நாள் முழுக்கக் குளிர்நீர் சொட்டினால் பிரஷர் குறைக்கும் வால்வு பழுதாகியிருக்கலாம், அல்லது வெளியேற்றும் வால்வின் வாயில் தூசி சிக்கியிருக்கலாம். இரண்டுக்கும் ஆளை வரச்சொன்னால் போதும்.

ஆனால் கொதிக்கக் கொதிக்க நீரோ ஆவியோ கொட்டினால் விஷயம் வேறு. முதல் இரண்டு காவல்களும் விழுந்து மூன்றாவது தனியாக நிற்கிறது என்று அர்த்தம். உடனே பாய்லரையும் மின்சூடேற்றியையும் அணைக்க வேண்டும். தண்ணீர் வரத்தை மட்டும் நிறுத்தக்கூடாது. உள்ளே வரும் குளிர்நீர்தான் சிலிண்டரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கொட்டினால் குழாயை மூடு என்பது நம் கை பழகிய பழக்கம். அதனால்தான் இதைத் தனியாக நினைவில் வைக்கணும்.

இன்னும் இரண்டு. கட்-அவுட் அடிக்கடி விழுந்தால் பொத்தானை அழுத்தி அழுத்தி ஓட்டக்கூடாது, காரணத்தைத் தேடணும். மின்கட்டணம் மிச்சம் பிடிக்க வெப்பத்தை 45 டிகிரிக்குக் குறைப்பதும் வேண்டாம். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரிக்குள் நன்றாகப் பெருகும். 60 டிகிரியில் பிழைக்காது.

நம்ம ஊர் கீசர்

சென்னை அபார்ட்மென்ட் பாத்ரூமில் தொங்கும் 15 லிட்டர் கீசரும் இதே குடும்பம்தான். அதிலும் தெர்மோஸ்டாட், கட்-அவுட், குளிர்நீர் நுழையும் இடத்தில் பிரஷரை வெளியேற்றும் சின்ன வால்வு எல்லாம் இருக்கின்றன. இல்லாதது டன்டிஷும் வருடாந்தர சோதனையும். அந்த வால்வு சொட்டினால், ‘சொட்டு நிற்கணுமா சார்?’ என்று கேட்டு ப்ளம்பர் அதன் வாயில் ஒரு மூடியைத் திருகிவிட்டுப் போவதுண்டு. சொட்டு நிற்கும்; கூடவே கடைசிக் காவலும் போய்விடும். சொட்டினால் வால்வை மாற்றச் சொல்லுங்கள். ஏற்கனவே மூடி போட்டிருந்தால், ஸ்விட்சை அணைத்து நீர் ஆறியபின் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் குளியுங்கள்.