விமானம் ஏறுமுன் விலாசத்தைப் பாருங்கள்!

மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் புறப்படுகிற தாயாருக்குப் பெட்டியில் என்னென்ன வைப்பது என்பதே பெரிய கவலை. பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, குழந்தைக்குப் பழைய நூல் புடவைத் துணி... என் கவலையும் அந்த அளவில்தான் இருந்தது. விசாவை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். திருச்சியிலிருந்து நேர் விமானம். பாக்கி இருந்தது ஒரே ஒரு சங்கதி, வருகை அட்டை.

முன்பெல்லாம் விமானத்திலேயே ஒரு துண்டுக் காகிதம் கொடுப்பார்கள். பேனா கடன் வாங்கி எழுதுவோம். 2020-லிருந்து அது இணையத்துக்குப் போய்விட்டது. வீட்டிலிருந்தே நிரப்பி அனுப்பிவிட வேண்டும்.

'நிறைமாதக்காரியை எதற்குத் தொந்தரவு செய்வது? நாமே செய்துவிடலாமே!' என்று வீறாப்பாகக் கைப்பேசியுடன் உட்கார்ந்தேன். புறப்பட இன்னும் பத்து நாள் இருந்தது. தேடியதும் முதலாவதாக வந்ததைத் தொட்டேன். அடேயப்பா, பக்கம் என்றால் அப்படி ஒரு லட்சணம்! சிங்கத் தலைச் சிலை, வானளாவிய கட்டடங்கள், ஒரு பூட்டுப் படம் வேறு. கேட்டதையெல்லாம் எழுதினேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். கடைசியில் கார்டு எண் கேட்டது. கொடுத்தேன். ஓ.டி.பி. கூட வரவில்லை. 5,400 ரூபாய் கழிக்கப்பட்டது என்று செய்திதான் வந்தது.

'விசாவுக்கே அரசாங்கக் கட்டணம் 30 வெள்ளிதான் என்று மாப்பிள்ளை சொன்னாரே, இந்தச் சீட்டுக்கா இவ்வளவு?' என்று மனசு முணுமுணுக்கத்தான் செய்தது. வெளிநாட்டு விவகாரம், அப்படித்தான் இருக்கும் என்று அதன் வாயை அடைத்துவிட்டேன்.

அன்றிரவு மகள் பேசினாள். "அம்மா, அந்த அரைவல் கார்டு இருக்கில்ல, அதை வர்றதுக்கு மூணு நாள் முன்னாடிதான் போட முடியும். அப்ப நானே போட்டுடறேன். அஞ்சு நிமிஷ வேலை, காசு ஒண்ணும் கிடையாது."

காசு கிடையாது! "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டேன். நான் செய்த தவறுகளிலேயே பெரிய தவறு அந்த "சரிம்மா"தான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காய்கறிக்காரரிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள், உட்கார்ந்த இடத்தில் 5,400 ரூபாயைத் தூக்கிக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் என் கணவரே கேட்டார்: "ஏம்மா, ரெண்டு நாளா சாம்பார்ல உப்பும் இல்ல, உன் முகத்துல களையும் இல்ல. என்ன விஷயம்?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. "பணம் கிடக்கட்டும், முதல்ல கார்டை நிறுத்து" என்றார். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசினோம். (வங்கியின் எண்ணையும் இணையத்தில் தேடாதீர்கள். அங்கேயும் போலிகள் காத்திருக்கிறார்கள்.) பழைய கார்டு ரத்தாகி, புதியது வந்தது. பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். பணம் பறிபோன சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணுக்குச் சொன்னால், அது அடுத்த கைக்குப் போகுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நான் வெட்கப்பட்டுக் கழித்ததோ இரண்டு நாள்!

பணம் திரும்பவில்லை. காரணத்தைக் கேளுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 'நாங்கள் அரசாங்கம் அல்ல, இது எங்கள் சேவைக் கட்டணம்' என்று போட்டிருந்தார்களாம். நீங்களாகத்தானே விவரம் கொடுத்துக் கட்டினீர்கள் என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். இது ஒரு ரகம். இலவசமானதற்குக் காசு, அல்லது நியாயமான கட்டணத்துக்கு மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இன்னொரு ரகம் பொல்லாதது. விசா என்று சொல்லி அழகான போலிக் காகிதத்தையே அனுப்பிவிடுவார்கள். விமான நிலையத்தில்தான் குட்டு உடையும். டிக்கெட் பணமும் போச்சு, பயணமும் போச்சு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மகள் எனக்குப் போனிலேயே பாடம் நடத்தினாள். நான் அதைத் தபால் உறையாக வைத்துக்கொண்டேன். உறையில் பெயரும் தெருவும் என்னவாக இருந்தாலும், கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசி வரிதானே சொல்கிறது? இணைய விலாசமும் அப்படியே. ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன் பிறகு முதல் சாய்கோடு வருமுன் எதில் முடிகிறது என்று பாருங்கள். சிங்கப்பூர் அரசின் குடிநுழைவுத் துறை 'ஐ.சி.ஏ. டாட் ஜி.ஓ.வி. டாட் எஸ்.ஜி.' என்று முடியும். மலேசியாவுக்கு 'ஜி.ஓ.வி. டாட் எம்.ஒய்.'. தாய்லாந்துக்கு 'ஜி.ஓ. டாட் டி.எச்.', அங்கே 'வி' கிடையாது. நான் போன பக்கத்தில் ஜி.ஓ.வி. என்ற எழுத்துகள் நடுவில் இருந்தன, ஆனால் முடிவு டாட் காம்! பூட்டுப் படத்தையும் நம்பாதீர்கள். வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். வீட்டுக்குள் இருப்பவர் யோக்கியர் என்று அர்த்தமில்லை. தேடும்போது தலைமாட்டில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பக்கத்திலேயே சின்னதாக அப்படி எழுதியும் இருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

பத்து நாள் முன்னதாகவே என் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டதே ஓர் அடையாளம். சிங்கப்பூர் அரசு, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் வாங்கும். மலேசியாவின் வருகை அட்டையும் இலவசம். தாய்லாந்து 2025 மே 1 முதல் கேட்கும் அட்டையும் இலவசம். கைக்குழந்தையோடு போகும் இளம் தாய்மார்கள் கவனிக்க: சிங்கப்பூருக்குக் குழந்தைக்கும் தனி அட்டை உண்டு. அட்டை வேறு, விசா வேறு. ஒன்று மற்றதாகாது.

விசாவுக்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூர்த் தூதரகம் தான் அங்கீகரித்த ஏஜெண்டுகளின் பட்டியலைத் தன் பக்கத்திலேயே வெளியிடுகிறது. அதில் இருப்பவரிடம் போனால் போதும். அவர் தம் கூலியைச் சேர்த்துக் கேட்பார், அது நியாயமே. சில நாடுகள் விண்ணப்பம் வாங்கும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் விட்டிருக்கின்றன. அவர்கள் விலாசம் டாட் காம் என்றே இருக்கலாம். அங்கேயும் தூதரகப் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாகவே போங்கள். இதெல்லாம் வெளிநாட்டுத் தளங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் பாஸ்போர்ட்டுக்கே போலிப் பக்கங்கள் உண்டு என்று வெளியுறவுத் துறை எச்சரித்திருக்கிறது. அசல் பக்கம் 'பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.'.

பணத்தைவிட என்னை உறுத்தியது பாஸ்போர்ட் பக்கம்தான். போட்டோ, பிறந்த தேதி, எண் எல்லாம் யாரோ முகம் தெரியாதவர் கையில். ஒரு வாரத்தில் அதன் பலன் தெரிந்தது. "சிங்கப்பூர் இமிக்ரேஷனிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டையில் பிழை இருக்கிறது, திருத்தக் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒரு குரல். என் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பிசகாமல் சொன்னது! கை நடுங்கியது உண்மை. ஆனாலும், "என் புகார் எண் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்றேன். வைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் இருக்கும்போது மகள் சொன்னபடியே அட்டையை நிரப்பினாள். உறுதிச் செய்தி மின்னஞ்சலில் வந்தது. செலவு பூஜ்யம். அதை அச்சிட்டு, நாலாக மடித்து, பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கினேன். சாங்கியில் அதை யாரும் கேட்கவே இல்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, லேகிய டப்பாவைக் காட்டி, இது என்ன என்றுதான் கேட்டார்கள்.