தண்ணீரில் விளையாடும் பிள்ளையைத் தடுக்கலாமா?

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல மலைகள் சரிந்தன. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் ஓர் இரவில் விட்டு வந்த குடும்பங்கள் பல. இதை வாசிக்கும் நீங்களும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

அதன் பின் ஒரு நாள், அம்பிட்டியவுக்கு அப்பால் ஒரு பொது மண்டபத்துக்குப் போயிருந்தேன். தாய்மார் கூலி வேலைக்குப் போகும் வேளையில் சிறு பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் குழாயடியில் கூடி, பால் பேணியில் தண்ணீரை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் சேறு. நான்கு வயதுப் பையன் ஒருவன் மட்டும் சுவரோடு ஒட்டி, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றான்.

மாலையில் வந்த தாய் ஒருத்தி என்னிடமே முறையிட்டாள். "ரெண்டே உடுப்புத்தான் சாமி இருக்கு. இதையும் நனைச்சிக்கிட்டா நாளைக்கி எதப் போடுறது?" பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அன்றே முடிவெடுத்தார்: நாளை முதல் குழாயடிக்கு யாரும் போகக்கூடாது.

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த முடிவு சரியென்று எனக்குப் படவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

தண்ணீர் என்ன கற்பிக்கிறது?

ஒரே அளவான இரண்டு கிளாசுகளில் சமமாகத் தண்ணீர் ஊற்றி ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பின் ஒன்றை ஒடுங்கிய போத்தல் ஒன்றில் ஊற்றி, எதில் கூட இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளை போத்தலைத்தான் காட்டும். உயரமாய்த் தெரிவதெல்லாம் கூட என்பது அதன் கணக்கு. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஏழு வயதளவில் பிள்ளைகள் இதைச் சரியாக விளங்கிக்கொள்கிறார்கள். வாயால் சொல்லிக் கொடுப்பதைவிட, நூறு தடவை ஊற்றிப் பார்ப்பதே அவர்களுக்கு உதவுகிறது.

நமது நாட்டில் பாலர் பாடசாலைகளை "மொண்டிசோரி" என்றே அழைக்கிறோம். அது மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், பெற்றார் வேலைக்குப் போனபின் தனித்திருந்த பிள்ளைகளுக்காக அவர் முதல் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். ஒரு சாடியிலிருந்து மற்றதற்குச் சிந்தாமல் ஊற்றுவது அவரது முறையில் ஒரு பாடம். சிந்தினால் துடைப்பதும் பாடமே. நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்தப் பிற்பாதியைத்தான்.

எனவே தண்ணீரைத் தடுப்பதல்ல, அதற்கு ஓர் ஒழுங்கு செய்வதே வழி.

எப்படிச் செய்யலாம்?

1. ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகள் போதும். தட்டையான இரண்டு பேசின்களைத் தரையில் வையுங்கள். மூன்று விரல் உயரத்துக்குமேல் தண்ணீர் வேண்டாம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு வாளி போதும்.

2. பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தேயாக வேண்டும். சிறு பிள்ளை மூழ்குவதற்கு இரண்டு அங்குலத் தண்ணீரும் போதும். அது சத்தமில்லாமல் நடக்கும். அடுப்பைப் பார்க்கவோ ஒருவரோடு கதைக்கவோ போவதானால், தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போங்கள். நிரம்பிய வாளி, பீப்பாய், மூடாத கிணறு எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

3. காலை பத்து மணிக்குப் பின், வெயில் ஏறிய வேளையில் இருபது நிமிடம். நமது மலையில் மாலை நனைந்த உடுப்பு காயாது. மேல் உடுப்பைக் கழற்றி வைத்து, பழைய சட்டை ஒன்றை அணிவியுங்கள். அந்தச் சட்டைகள் நிலையத்திலேயே இருக்கட்டும். அப்படியானால் வீட்டுக்குப் போகும் உடுப்பு நனையாது. தாயின் முறைப்பாடும் தீரும்.

4. சிமெந்துத் தரையில் வைக்க வேண்டாம்; வழுக்கும். வாழையடியிலோ மிளகாய்ப் பாத்தியின் ஓரத்திலோ வையுங்கள். சிந்தியதும் மிஞ்சியதும் பயிருக்குப் போகட்டும். தூரத்திலிருந்து தண்ணீர் சுமக்கும் தாய்க்கு அப்போது அது வீணாகத் தோன்றாது.

5. சிரட்டை, பால் பேணி, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் போத்தல், பழைய துணி: இவையே போதிய விளையாட்டுப் பொருட்கள். பேணியின் வெட்டிய விளிம்பைத் தட்டி மழுக்குங்கள். பூச்சிமருந்து இருந்த போத்தலையும் உரப்பையையும் எத்தனை தடவை கழுவினாலும் பிள்ளையின் கையில் கொடுக்கவே கூடாது.

6. சமையலுக்கு எடுக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். பிள்ளை அதைக் குடிக்கவும் பார்க்கும். முதலில் கொதித்தாறிய நீரைக் குடிக்கக் கொடுத்துவிடுங்கள். வெள்ளத்தில் தேங்கிய நீரும் வயல் நீரும் ஆகாது. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு காயத்தின் வழியே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். வயிற்றோட்டமோ புண்ணோ உள்ள பிள்ளைக்கு அன்று காய்ந்த மணலும் சிரட்டையும் கொடுங்கள்.

7. முடிந்ததும் பிள்ளைகளே துணியைப் பிழிந்து துடைக்கட்டும், பேணிகளை அடுக்கட்டும். பின் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். பேசினைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். வெறுமனே நீரைக் கொட்டினால் அது போகாது.

தண்ணீர் மிகவும் தட்டுப்பாடான நாளில் விளையாட்டு வேறு, வேலை வேறு என்று பிரிக்க வேண்டியதில்லை. கீரை கழுவுவதும், தன் கோப்பையைக் கழுவுவதும், நாற்றுக்கு நீர் விடுவதும் பிள்ளைக்கு விளையாட்டே.

பயந்த பிள்ளை

சுவரோரம் நின்ற பையனிடம் திரும்புவோம். அவனுடைய வீட்டின் பின்புறச் சுவரை மண்ணும் நீரும் இடித்துக்கொண்டு வந்தன. குழாயின் இரைச்சலில் அவன் கேட்டது அதைத்தான்.

இது நமது மலைநாட்டுக்குப் புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அத்தகைய பிள்ளைக்கு மழை வெறும் மழையல்ல.

அவனை இழுத்து வந்து தண்ணீரில் விடாதீர்கள். "இதுக்குப் போய் பயமா?" என்று மற்றவர்முன் கேட்காதீர்கள். தூரத்தில் இருந்து பார்க்கட்டும். ஈரத்துணி ஒன்றைக் கொடுங்கள்; இன்னொரு நாள் ஒரு கரண்டியும் அரைக் கோப்பை நீரும். எவ்வளவு வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும்.

சில பிள்ளைகள் மண்ணைக் குவித்து, அதன்மேல் நீரூற்றி, "மலை இடியுது" என்று விளையாடுவார்கள். பார்க்கும் நமக்கு நெஞ்சு பதறும். ஆயினும் அதட்டி நிறுத்த வேண்டாம். வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளை கையால் சொல்கிறது. பக்கத்தில் அமர்ந்திருந்து, "இனி வீட்டை எங்கே கட்டுவோம்?" என்று மெல்லக் கேளுங்கள். வாரக்கணக்கில் நித்திரையில்லாமல், பேசாமல், சாப்பிடாமல் இருக்கும் பிள்ளையை மட்டும் தாமதியாமல் மருத்துவ மாதுவிடமோ வைத்தியசாலைக்கோ கொண்டு செல்லுங்கள்.

அந்த மண்டபத்தில் குழாய் பூட்டப்படவில்லை. தாய்மார் கூடிப் பேசி, பழைய சட்டைகள் பன்னிரண்டு சேர்த்தார்கள். மூன்றாம் வாரம் நான் போனபோது அந்தப் பையன் பேசினருகே இருக்கவில்லை. சற்றுத் தள்ளி, ஒரு பேணி நீரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மிளகாய்க் கன்றொன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தான். நம் வீட்டை அடித்துச் சென்ற தண்ணீர் அவன் கையில் ஒரு பேணியளவாக இருந்தது. இப்போதைக்கு அது போதும்.

மாதர் சங்கத்தில் கலந்துரையாட

1. நமது பிள்ளைகள் பகலில் இருக்கும் இடத்தில் மூடாத தண்ணீர் எங்கெங்கே உண்டு? யார் எப்போது மூடுவது?

2. ஆளுக்கொரு பழைய சட்டை சேர்க்க நம்மால் முடியுமா?

3. மழை பெய்யும்போது நமது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? நாம் என்ன செய்கிறோம்?