படிவம் நிரப்பத் தெரியும், படிக்கத் தெரியுமா?

முதல் சம்பளம் பற்றி நாம பேசின எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: "இதையெல்லாம் ஸ்கூல்லயே சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல?" கூடவே ஆளுக்கு ஒரு லிஸ்ட். டாக்ஸ் ஃபைலிங், ஷேர் மார்க்கெட், இன்சூரன்ஸ், சமையல். சமையலுக்கு நான் முழு ஆதரவு. மத்ததுல பாதிக்கு எனக்கு உடன்பாடு இல்லை.

டாக்ஸையே எடுத்துக்குவோம். 2023, 2024, 2025 மூணு பட்ஜெட்டிலும் புதிய வரிமுறையோட ஸ்லாப் மாறியிருக்கு. 2019-ல பத்தாவது படிச்ச ஒருத்தருக்கு 80சி பிரிவை மனப்பாடம் பண்ண வச்சிருந்தாங்கன்னு வைங்க. இன்னைக்கு அவர் வேலையில சேரும்போது தானா வர்றது புதிய வரிமுறை. அதுல அந்தக் கழிவே கிடையாது. மாறிக்கிட்டே இருக்கிற விதியைப் பாடமா வச்சா, புத்தகம் அச்சாகி வர்றதுக்குள்ள பழசாயிடும்.

சரி, வட்டிக் கணக்கையாவது சொல்லிக் கொடுத்திருக்கலாமேன்னா, அதைச் சொல்லித்தான் கொடுத்தாங்க. நம்ம எட்டாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல 'வாழ்வியல் கணிதம்'னு ஒரு இயலே இருக்கு. தள்ளுபடி, ஜிஎஸ்டி, கூட்டு வட்டி எல்லாம் அதுல வருது. ஆனா பரீட்சைக் கணக்குல அசல் இவ்வளவு, வட்டி வீதம் இவ்வளவு, ஆண்டு இவ்வளவுன்னு எல்லாத்தையும் தட்டுல வச்சுக் கொடுத்துடுவாங்க. பைக் ஷோரூம்ல அப்படிக் கொடுக்க மாட்டாங்க.

அங்கே என்ன நடக்கும்னா, "ஒரு லட்சம் லோன், பத்து பர்சன்ட்தான் சார், மூணு வருஷம்"னு சொல்வாங்க. மாசம் 3,611 ரூபாய் இஎம்ஐ. பத்து பர்சன்ட்னா வருஷத்துக்கு பத்தாயிரம், மூணு வருஷத்துக்கு முப்பதாயிரம், கணக்கு சரியா இருக்கேன்னு தோணும். இதுக்குப் பேர் ஃபிளாட் ரேட். மாசா மாசம் நீங்க அசலையும் சேர்த்துத்தான் கட்டுறீங்க. முப்பத்தாறாவது மாசம் உங்ககிட்ட மிச்சம் இருக்கிற கடன் நாலாயிரம் ரூபாய்கூட இருக்காது. ஆனா அந்த மாசமும் முழு ஒரு லட்சத்துக்கான வட்டியைக் கட்டுறீங்க. குறையற அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தா, அந்தப் "பத்து பர்சன்ட்" உண்மையில கிட்டத்தட்ட 18 சதவீதம். நிஜமாவே குறையும் அசலுக்கு 10 சதவீதம்னா மொத்த வட்டி சுமார் 16,000 ரூபாயில முடிஞ்சிருக்கும். ஃபிளாட் ரேட்ல 30,000. நீங்க கேள்விப்பட்ட நம்பர் ரெண்டு இடத்துலயும் அதே பத்துதான்.

கூட்டு வட்டிக் கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவங்களும் இந்த இடத்துல மாட்டுவாங்க. கணக்கு தெரியாம இல்ல. எந்தக் கேள்வியைக் கேட்டா கணக்கே ஆரம்பிக்கும்னு தெரியாது.

இப்போ தமிழ்ப் பாடத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தமிழ்ல 'படிவத்தை நிரப்புக'ன்னு ஒரு கேள்வி வருமே, ஞாபகம் இருக்கா? நூலக உறுப்பினர் படிவம், பள்ளிச் சேர்க்கைப் படிவம். கண்ணை மூடிக்கிட்டு மார்க் வாங்கலாம். பெயர், முகவரி, தேதி, இடம், கீழே கையொப்பம். யோசிச்சுப் பாருங்க, அந்தப் படிவத்துல படிச்சுப் புரிஞ்சுக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. காலி இடம் தெரிஞ்சா எழுது, கோடு தெரிஞ்சா கையெழுத்துப் போடு. இதைத்தான் நாம பரீட்சைக்குப் பயிற்சி எடுத்திருக்கோம். நான் இருக்கிற துறையில 'ஐ அக்ரீ' பட்டனை எவ்வளவு பெருசா, எந்தக் கலர்ல வைக்கணும்னு மீட்டிங்கே நடக்கும். அதுக்கு மேல இருக்கிற பத்து பக்கத்தை யாராவது படிக்கணும்னு ஒரு மீட்டிங் நடந்து நான் பார்த்ததில்லை.

இது வெறும் பைக் லோன் விஷயம் மட்டும் இல்ல. என் நண்பன் ஒருத்தன், கூட வேலை பார்த்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டான். "சும்மா ஃபார்மாலிட்டிதான் மச்சி, பேப்பருக்கு ஒரு ஆள் வேணும்"னு சொல்லியிருக்காங்க. கடன் வாங்கினவர் வேலையை விட்டுட்டு ஊர் மாறிட்டார். போன் இவனுக்கு வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு இவன் தன் கல்யாணத்துக்கு லோன் கேட்டுப் போனப்போ, இவனோட கிரெடிட் ரிப்போர்ட்ல அந்தக் கடன் நிக்குது. இவன் வாங்கின கடன் மாதிரியே. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஓட 128-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, கடன் வாங்கினவரோட பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. "முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க"ன்னு சொல்ல முடியாது. ஒரே ஒரு வாக்கியம். அது அவன் கையெழுத்துப் போட்ட பேப்பர்லயும் இருந்தது.

பதினெட்டு வயசு வரைக்கும் நீங்க போடற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பிறந்தநாள் அன்னைக்கு திடீர்னு செல்லுபடி ஆகுது. பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலானவங்களுக்கு வயசு பதினேழு. அதாவது, உங்க கையெழுத்துக்குப் பலம் வர்றதுக்குச் சரியா முந்தின வருஷம் வரை நீங்க ஸ்கூல்ல இருக்கீங்க. அப்புறம் ஆப்ல லோன், ஹாஸ்டல் அக்ரிமெண்ட், ஆஃபர் லெட்டர், சில கம்பெனிகள்ல பாண்டுன்னு வரிசையா வருது. கத்துக்கறதுக்கு இதைவிட நல்ல நேரம் எது?

புதுசா 'நிதிக் கல்வி'ன்னு ஒரு பாடம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். புதுப் பாடம்னா புதுப் புத்தகம், புது நோட்ஸ், "வரையறு, இரண்டு மதிப்பெண்" அவ்வளவுதான் மிஞ்சும். ஏற்கெனவே போர்ஷன் முடிக்க ஓடிக்கிட்டிருக்கிற டீச்சர்கள் தலையில இன்னொண்ணு. அதுக்குப் பதிலா, தமிழ்ல உரைப்பத்தி கொடுத்து கேள்வி கேட்கிறாங்க இல்லையா, அந்த இடத்துல ஒரு தடவை கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் ஒண்ணை வைக்கலாம்.

இது என்னன்னு தெரியாதவங்களுக்கு: ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1-ல இருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கு. வட்டி, ப்ராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ்னு எல்லாத்தையும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஆகுதுன்னு ஏபிஆர்னு ஒரே நம்பரா போடணும். அந்த ஷோரூம் பத்து பர்சன்ட் இங்கே பதினெட்டா மாறி நிக்கும். அதுல சொல்லாத கட்டணத்தை உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம வசூலிக்கக் கூடாது. முக்கியமா, கடன் வாங்குறவருக்குப் புரியற மொழியில இருக்கணும். அப்போ தமிழ்ல கேட்டு வாங்கலாம். கேட்கணும்னு தெரிஞ்சிருந்தா.

பெயரை அழிச்ச ஒரு பேப்பர் போதும். கேள்விகள் இப்படி இருக்கட்டும்: கைக்கு வர்ற பணம் எவ்வளவு, கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு? ஒரு தவணை தவறினா என்ன ஆகும், எந்த வரியில இருக்கு? சீக்கிரம் கட்டி முடிச்சா அபராதம் உண்டா? புகாரை யாருக்கு அனுப்பணும்? கடைசிக் கேள்வி: இந்தப் பேப்பர்ல உனக்குப் புரியாத ஒரு வரியை எடுத்து எழுது, அதைப் பற்றி எதிர்ல இருக்கிறவர்கிட்ட என்ன கேட்பாய்? அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அஞ்சு மார்க் கொடுக்கலாம். தனக்கு எது புரியலைன்னு எழுதினா மார்க் கிடைக்கிற ஒரே கேள்வியா அது இருக்கும்.

நீங்க இப்போ இஎம்ஐ கட்டிக்கிட்டிருந்தா, எபிசோடை நிறுத்திட்டு உங்க மெயில்ல அந்தப் பேப்பரைத் தேடுங்க. ஏபிஆர் எவ்வளவு போட்டிருக்கு, நீங்க எவ்வளவுன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்க, ரெண்டு நம்பரையும் அனுப்புங்க. கம்பெனி பேர் வேண்டாம், நம்பர் போதும்.