பகைவன் ஒழிந்தபின் வந்த கேடு

கி.மு. 146ஆம் ஆண்டில் ரோமப் படைத்தலைவன் சிப்பியோ எமிலியானுஸ் கார்த்தேஜ் நகரைத் தீக்கிரையாக்கினான். எரியும் நகரைக் கண்டு அவன் கண்ணீர் விட்டதாகவும், இதே முடிவு ஒருநாள் ரோமுக்கும் நேரிடலாமெனத் தன் நண்பரும் வரலாற்றாசிரியருமான பொலிபியுஸிடம் கூறியதாகவும் பழைய வரலாறு தெரிவிக்கிறது. பொர்த்தூனா என்னும் பேற்றின் தெய்வத்துக்கு ஆலயம் எழுப்பிய அம்மக்கள், அவளுடைய நிலையாமையையும் அறிந்தேயிருந்தனர்.

ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின்வந்த சல்லுஸ்து இந்நிகழ்ச்சியையே ரோம ஒழுக்கச் சிதைவின் தொடக்கமாகக் கொண்டார். கார்த்தேஜ் இருந்தமட்டும் அச்சம் ரோமரை ஒழுங்கில் நிறுத்தியது. அப்பகை ஒழிந்ததும் பண ஆசையும் பதவி ஆசையும் பெருகின என்பது அவர் கருத்து. இவ்வாறு எழுதியவரே, ஜூலியஸ் சீசரால் ஆப்பிரிக்க மாகாணமொன்றின் ஆளுநராக்கப்பட்டு, அங்கே மக்களைக் கொள்ளையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். பேராசையைப்பற்றிய அவருடைய நுட்பமான அறிவு ஏட்டுக்கல்வியால் மட்டும் வந்ததன்று போலும்!

நம் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டியது, அகஸ்தீன் இவரைக் கையாளும் முறையாகும். கி.பி. 410இல் அலாரிக் ரோமைச் சூறையாடியபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதே கேட்டுக்குக் காரணமென்று கிறிஸ்தவர்மேல் பழி சுமத்தப்பட்டது. 'தேவனுடைய நகரம்' நூலின் இரண்டாம் புத்தகத்தில் அகஸ்தீன் அதற்கு விடையாகச் சல்லுஸ்தையே சாட்சியாக நிறுத்துகிறார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே ரோம் சீர்கெட்டதென்பதற்கு ரோமரின் எழுத்தே போதும் அல்லவா? ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தொடக்கமுதலே வலியோர் எளியோரை ஒடுக்கினர் என்றும், இடையில் நிலவிய ஒற்றுமை கார்த்தேஜைப்பற்றிய அச்சத்தால் விளைந்ததென்றும் சல்லுஸ்து வேறோரிடத்தில் ஒப்புக்கொண்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அப்படியாயின் இழந்துபோனதாகப் புலம்பப்பட்ட அந்த ஒழுக்கம், நீதியின்மேலுள்ள அன்பினால் உண்டானதன்று.

உபத்திரவம் வந்தால் சபை தூய்மையடையும் என்று நம் பிரசங்கபீடங்களில் எளிதாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வாறு பேசுவோர் சல்லுஸ்தின் வாதத்தையே தாம் அறியாமல் திரும்பச் சொல்லுகின்றனரோ என்று ஆராய்வது நலம்.

கார்த்தேஜை அழிக்கலாகாதென்று ரோம ஆட்சிமன்றத்தில் வாதாடியவர் சிப்பியோ நசிக்கா. பாதுகாப்பே தம் மக்களைக் கெடுக்குமென அவர் அஞ்சினார். அகஸ்தீனும் முதற்புத்தகத்தில் அவரைப் பாராட்டுகிறார். கேட்டோவின் பக்கமே வென்றது. ஆனால் பகைவன் இல்லாதபோது ஒரு மக்கள் எதனால் நீதியுடன் வாழ்வர் என்பதற்கு நசிக்காவிடமும் விடை இல்லை. அவ்வினாவைப் பத்தொன்பதாம் புத்தகத்தில், சமாதானத்தையும் மெய்ந்நீதியையும் ஆராயும்போது, அகஸ்தீன் மீண்டும் எடுத்துக்கொள்ளுகிறார்.