கங்காணியும் கடனும்



வெம்பக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த கரிசற் பூமி. அருகே வைப்பாறு இருப்பினும், ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே காட்சி தரும். தீப்பெட்டியும் பட்டாசும் இப்பக்கத்து மக்களுக்குச் சோறிடத் தொடங்கியது 1920களுக்குப் பின்னரே. அதற்கு முன் மழை பொய்த்த ஆண்டுகளில் ஏழை உழவர் என் செய்தனர்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து பல்லாயிரவர் இலங்கைக்குக் கூலிகளாகக் கடல் கடந்தனர்.

1830களில் கண்டி மலைகளில் ஆங்கிலத் துரைமார் காப்பித் தோட்டங்களைப் பெருக்கலாயினர். காப்பிக்கு ஆண்டு முழுதும் ஒரே அளவில் ஆட்கள் வேண்டியதில்லை. கனி பறிக்கும் சில மாதங்களில்தான் ஏராளமானோர் தேவை. சொந்த நிலமுடைய சிங்கள உழவர் தோட்டக் கூலிக்குப் பெரிதும் இசையவில்லை. எனவே எதிர்க்கரையிலிருந்து தமிழர் வரவழைக்கப்பட்டனர். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

இவர்களைத் திரட்டியவன் கங்காணி. அவன் அயலான் அல்லன். பெரும்பாலும் அதே ஊரான், உறவினன். ஆதலால் அவன் சொல்லை நம்பினர். படகுக் கூலிக்கும் வழிச் செலவுக்கும் தோட்டம் கொடுத்த முன்பணம் அவன் கைவழியே வந்தது. அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. ஆட்கள் வேலைக்கு வந்த நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. காவலனும் கடன்காரனும் ஒருவனே ஆனான். இம்முறையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பயணமோ கொடிது. பாக்கு நீரிணையைப் படகில் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடக்கவேண்டும். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டவர் பலர்.

1869இல் காப்பி இலைகளில் துருநோய் தோன்றியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் துளிர்ப்பது, இடைவிடாது கிள்ளவேண்டுவது. பயிர் மாறவே, மனிதர் வாழ்வும் மாறிற்று. பருவத்திற்கு வந்தவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்குப் போகவேண்டுமெனில், கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தாலன்றி விடுதலையில்லை. ஆள் மாறினும் கடன் உடன் சென்றது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆயினும் 'வந்து போகிறவர்' என்ற பெயர் மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவர் உட்பட மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாம் கண்டிராத 'தாய்நாட்டிற்கு'த் திரும்பியோர் பலர். இலங்கையில் நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1942 முதல் 1964 வரை அமெரிக்க ஐக்கிய நாடு, 'பிராசெரோ' திட்டத்தின்கீழ் மெக்சிகோ உழவரைப் பருவ வேலைக்கு அமர்த்தியது. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கூலியில் நூற்றுக்குப் பத்து சேமிப்பென்று பிடிக்கப்பட்டது. அப்பணம் பலர் கைக்கு வந்து சேரவேயில்லை. அங்கே காகித ஒப்பந்தம் இருந்தது; இங்கே உறவின் நம்பிக்கை இருந்தது. இரண்டிலும் கணக்கேடு உழைத்தவன் கையில் இல்லை.

அயல்நாட்டுக் கூலியைப் பருவத்திற்கு அமர்த்துவது தன்னளவில் தீங்கன்று. பஞ்ச காலத்தில் அக்கூலி எத்தனையோ அடுப்புகளை எரியச் செய்தது. ஆயினும் இத்தகைய திட்டம் எதைப் பற்றிப் படித்தாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: பயணச் செலவு யார் தலையில் ஏறுகிறது? முதலாளி பிடிக்காவிடில் தொழிலாளி வேறிடம் செல்லலாமா? பருவம் நீண்டு ஆண்டுகளானால் அவனுக்கு அந்நாட்டில் உரிமை உண்டா? இவற்றின் விடையைப் பொறுத்தே அது வேலையா, விலங்கா என்பது தெளிவாகும்.